நெல்லு விளையும் வீட்டில் சோற்றைக் குறைத்த இரண்டரை வருடம்

எங்கள் வீட்டு விறாந்தையில் வருடம் முழுக்க நெல் மூட்டை அடுக்கியிருக்கும். அப்பா வெள்ளாமைக்காரர். ஊர் மட்டக்களப்புப் படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்குப் பக்கம். அந்த வீட்டில் நான் 2023 தைப்பொங்கல் முடிந்த கையோடு, "இனி எனக்குச் சோறு போடாதீங்க" என்றேன். அம்மா கேட்ட முதல் கேள்வி: "யாரோட கோவம் புள்ள?"

கோபம் யாரோடும் இல்லை. எனக்கு பிசிஓஎஸ் என்ற சூலகப் பிரச்சினை. 2022இல் நாலு மாதம், ஐந்து மாதம் என்று மாதவிடாய் தள்ளிப்போனது. நாடியில் முடி முளைத்தது, கழுத்தின் பின்பக்கம் அழுக்குப் போலக் கறுத்தது. கறுப்பைத் தேசிக்காய் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கியதுதான் மிச்சம். ஸ்கேன் எடுத்த தனியார் இடத்தில் இரண்டு நிமிடத்தில் ரிப்போர்ட்டைக் கையில் தந்து, "நிறையைக் குறையுங்க, சரியாகும்" என்று அனுப்பிவிட்டார்கள். எப்படிக் குறைப்பது என்று யாரும் சொல்லவில்லை. சூலகத்தில் "கட்டிகள்" என்று கேட்டதும் அம்மா அழத் தொடங்கிவிட்டா. அவை கட்டி அல்ல, முழுதாக வளராமல் பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள் என்பதை நான் பிறகுதான் வேறொரு டொக்டரிடம் கேட்டு அறிந்தேன்.

அந்த டொக்டர்தான் கழுத்துக் கறுப்பைப் பார்த்துவிட்டு விளக்கினார். உடம்பு இன்சுலினுக்குச் சரியாக இணங்காவிட்டால் இன்னும் கூட இன்சுலின் சுரக்கும். அது கூடக்கூட சூலகம் ஆண் ஹோர்மோனை அதிகமாகச் சுரக்கும். அதனால் முட்டை முதிராது, மாதவிடாய் வராது, முடி முளைக்கும். பிசிஓஎஸ் உள்ள எல்லாருக்கும் இதே கதை இல்லையாம், ஆனால் எனக்கு இதுதான். அப்போது என் நிறை 78 கிலோ, உயரம் 157 சென்ரிமீற்றர், வெறும் வயிற்றுச் சீனி 108, மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி 5.9. சீனி வருத்தத்தின் வாசற்படி. மெட்ஃபோமின் குளிசை தந்தார். மாச்சத்தைக் குறைத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னார். ஆனால் பிசிஓஎஸ்ஸுக்கென்று இந்த ஒரு உணவுமுறைதான் சிறந்தது என்று எதுவும் நிரூபிக்கப்படவில்லை, எதைத் தொடர்ந்து கடைப்பிடிக்க முடியுமோ அதுதான் முக்கியம் என்றார். அந்தக் கடைசிப் பேச்சை அன்று நான் காதில் வாங்கவில்லை.

வாங்காததன் பலன் முதல் மூன்று வாரத்தில் தெரிந்தது. போனில் பார்த்த வீடியோக்களை நம்பி ஒரு நாளுக்கு 20 கிராம் மாச்சத்து என்று இறங்கினேன். முட்டை, மீன், கீரை, தேங்காய்ப்பால் தவிர வேறொன்றும் இல்லை. நாலாம் நாள் தலை பிளந்தது. இரவில் கெண்டைக்கால் இழுத்துக் கத்தினேன். வேலைக்குப் போகும் வழியில் மண்முனைப் பாலத்தில் ஸ்கூட்டியை ஓரம் கட்டிவிட்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கால் மணித்தியாலம் நின்றிருக்கிறேன். தாதியாக வேலை செய்யும் மச்சாள்தான் கண்டுபிடித்தா: இன்சுலின் இறங்கும்போது சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் வெளியே விட்டுவிடும். நான் வேறு "ஆரோக்கியம்" என்று உப்பையும் குறைத்திருந்தேன். அவ சொன்னபடி உப்புப் போட்ட மீன் சூப் காலை மாலை குடித்தேன். இரண்டு நாளில் தலை நின்றது. பிரஷர் உள்ளவர்கள் இதைக் கேட்டுவிட்டு உப்பை அள்ளிக் குடிக்க வேண்டாம், டொக்டரிடம் கேளுங்கள். சீனிக்கு இன்சுலினோ வேறு குளிசையோ எடுப்பவர்களும் அப்படித்தான். சோற்றைக் குறைத்துவிட்டு மருந்தைப் பழைய அளவிலேயே போட்டால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்.

சாப்பாட்டில் உண்மையாகவே பெரிய வித்தியாசம் தந்தது சோறு இல்லை, தேத்தண்ணி. கந்தோரில் மூன்று, வீட்டில் இரண்டு, ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி சீனி. ஒரு கரண்டி 4 கிராம் என்று வைத்தால் 60 கிராம் சீனி எனக்குத் தெரியாமலே போய்க்கொண்டிருந்தது. சீனி இல்லாத வெறும் தேத்தண்ணி முதல் மாதம் கசாயம் மாதிரித்தான் இருந்தது. இப்போது சீனி போட்டால் குடிக்க முடியவில்லை. நான் செய்ததில் செலவும் இல்லாமல், யாருடைய மனமும் நோகாமல் நடந்த ஒரே காரியம் இது.

அடுத்தது சோத்துப் பார்சல். கந்தோருக்கு வரும் பார்சலை ஒருநாள் அவிழ்த்துத் தராசில் போட்டேன். சோறு மட்டும் 460 கிராம். வெந்த சோறு 100 கிராமில் மாச்சத்து ஏறக்குறைய 28 கிராம், அப்படியென்றால் ஒரு மதியத்தில் கிட்டத்தட்ட 130 கிராம். கறி என்று இருந்தது ஒரு துண்டு மீனும் பருப்பும் ஒரு கரண்டி கோவாவும். இதைத் தலைகீழாக மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. கீரையும் மீனும் நிறைய, சோறு ஒரு அகப்பை.

மீனில் மட்டக்களப்புக்காரருக்குக் குறையில்லை. கல்லடியில் கரைவலை இழுக்கிற நேரம் போனால் சூடையும் கீரியும் துடிக்கத் துடிக்கக் கிடைக்கும். வாவி இறால், நண்டு, கணவாய் எல்லாமே இந்தச் சாப்பாட்டுக்குப் பொருத்தம். முருங்கை இலைச் சுண்டல், வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன், பாவற்காய், புடலங்காய் என்று மரக்கறிக்கும் பஞ்சமில்லை. எருமைத் தயிர் இருக்கிறது, ஆனால் பாணியும் வாழைப்பழமும் இல்லாமல். நாக்கு அதற்கு இன்னும் முழுதாகச் சம்மதிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாற்று உணவு என்று செய்தவற்றில் தேறியது கொஞ்சம்தான். கோலிஃபிளவரைத் துருவிச் "சோறு" என்று கொடுத்ததைப் பார்த்து என் மனுசன் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார், அது போதாதா? மலைநாட்டிலிருந்து இங்கே வந்துசேரும்போது அதன் விலையும் கட்டுப்படியாகாது. தேங்காய்ப்பூவை வறுத்து, இரண்டு முட்டையோடு கொஞ்சம் மா சேர்த்து அவித்த பிட்டு நன்றாக வந்தது. குரக்கன் பிட்டில் ஏமாந்தேன். "குரக்கனில் சீனி இல்ல" என்று ஊரே சொல்லும். நாரும் கல்சியமும் அதில் கூடத்தான், ஆனால் மாச்சத்து கிட்டத்தட்ட அரிசி மா அளவுக்கே இருக்கிறது. விரலில் குத்திச் சீனி பார்க்கிற மெஷின் வாங்கிய பிறகுதான் அதைக் கண்ணால் கண்டேன். பத்து இடியப்பம் சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்தில் 176. குரக்கன் பிட்டுக்கு 169. அதே ஒரு அகப்பைச் சோற்றை முதலில் கீரையும் மீனும் சாப்பிட்டுக் கடைசியில் சாப்பிட்டபோது 131. இது என் உடம்பின் கணக்கு, உங்களுக்கு வேறாக இருக்கலாம். மெஷின் மலிவு, அதற்குப் போடும் பட்டிகள்தான் காசைத் தின்னும்.

நாலாம் மாதம் மாதவிடாய் தானாக வந்தது. குளியலறையில் நின்று அழுதேன். பிறகு 40 நாள், 36 நாள் என்று நெருங்கி, இப்போது பெரும்பாலும் 33 நாளுக்குள். நிறை எட்டு மாதத்தில் 69க்கு வந்து அங்கேயே நின்றது. இன்றும் 68, 70 என்று ஆடிக்கொண்டிருக்கிறது. எச்பிஏ1சி 5.4. கழுத்துக் கறுப்பு மெல்ல வெளுத்தது. நாடி முடி அப்படியேதான், இதற்குச் சோற்றைக் குறைத்து ஒரு பலனும் எனக்கு இல்லை, நூல் போட்டுத்தான் எடுக்கிறேன். பிள்ளை எப்போது என்று கேட்பவர்களுக்கு நான் நேரிலேயே பதில் சொல்வதில்லை, இங்கும் சொல்லப்போவதில்லை.

கெட்டதும் நடந்தது. மூன்றாம் மாதம் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. வேகமாக நிறை குறைந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படி வரும், பிறகு முளைக்கும் என்றார்கள். முளைத்தது. பத்தாம் மாதம் கெட்ட கொலஸ்ட்ரோல் 128இலிருந்து 171க்கு ஏறியிருந்தது. தேங்காய்ப்பாலையும் நெய்யையும் "மாச்சத்து இல்லை" என்று கணக்கில்லாமல் விட்டதன் விளைவு. பால்கறியைக் கிழமைக்கு இரண்டாக்கி, கடலையும் பயறும் கொஞ்சம் சேர்த்து, சோற்றையும் அளவாகத் திரும்பக் கொண்டுவந்தேன். அடுத்த சோதனையில் 139. இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன்: மாதவிடாய் ஒழுங்கானதும் குளிசையை நானாகவே இரண்டு மாதம் நிறுத்தினேன். திரும்பத் தள்ளிப்போனது. இப்போது ஒழுங்காக எடுக்கிறேன். நீண்ட நாள் மெட்ஃபோமின் எடுத்தால் பி12 குறையலாம் என்பதால் அதையும் வருடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். தொடங்கிய நேரமே முட்டைத் தட்டுப்பாடு, அரசாங்கம் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கியது. வீட்டில் நாலு ஊர்க்கோழி இருந்ததால் தப்பினேன். பிறகு 2024 கடைசியில் தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தொட்டது. அரிசி வீட்டில் சும்மா கிடக்க, மீனுக்கும் தேங்காய்க்கும் காசு எண்ணுவது எங்களைப் போன்ற வீட்டில் நியாயமாகவே தெரியாது. அதே வருடம் நவம்பர் வெள்ளத்தில் ரோட்டெல்லாம் தண்ணீர். ஒன்பது நாள் பெரியம்மா வீட்டில் சோறும் பருப்பும் பாணும்தான். கிடைத்ததைச் சாப்பிட்டேன். மூன்று கிலோ ஏறி, ஒன்றரை மாதத்தில் இறங்கியது. அதன் பிறகுதான் கிராம் எண்ணுவதை விட்டேன். இப்போது ஒரு நாளுக்கு 90, 100 கிராம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

உண்மையில் பசியை விட ஆட்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம். பெருநாளைக்குக் காத்தான்குடிச் சிநேகிதி வட்டிலப்பம் கொண்டுவந்தால் ஒரு துண்டு உண்டு, அது முட்டையும் தேங்காய்ப்பாலும்தானே என்று மனதை ஏமாற்றலாம், கருப்பட்டியை மறந்துவிட்டு. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கில் குளிர்த்தி முடிந்து தரும் பொங்கலை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது, சொன்னதும் இல்லை. அப்பாவிடம்தான் ஆகக் கஷ்டம். முதல் ஆறு மாதம் என் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தால் எழுந்து போய்விடுவார். "வெள்ளாமைக்காரன்ட மகள் சோறு வேணாமெண்டா ஊர் என்னகா சொல்லும்?" என்று அம்மாவிடம் கேட்பார். என்னிடம் கேட்க மாட்டார்.

போன பெரும்போகம் சூடடித்து முடிந்த கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் விரலில் குத்திக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்தில் வந்து கையை நீட்டினார். "எனக்கும் ஒருக்காப் பாரு." 243. கிளினிக்குக்குப் போய்ச் சோதித்ததில் சீனி வருத்தம் என்று உறுதியானது. இப்போது அம்மா ஒரு சுண்டு அரிசி குறைத்து உலை வைக்கிறா. அப்பா கோப்பையில் முதலில் கீரை விழுகிறது, சோறு பிறகு. புது அரிசியில் பொங்கும் புதிர் நாளுக்காக அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்.

"புதிர் அண்டைக்குப் புக்கையை மட்டும் அளக்கப்படா."

சரி என்றேன்.