மேகத்தைத் தாண்டி 160 கிலோமீட்டர்: ட்ரொம்சோவில் துருவ ஒளி போட்டோ எடுக்கப் போன இரவு

போன பிப்ரவரி முதல் வாரத்தில் நானும் என் தம்பியும் நார்வேயின் வடக்கே இருக்கும் ட்ரொம்சோவிலிருந்து கிளம்பும் ஒரு துருவ ஒளி (அரோரா) போட்டோ பயணத்தில் சேர்ந்து போனோம். ஆளுக்கு 1,950 நார்வே குரோனர். மாலை 6 மணிக்குத் துறைமுகத்தருகே ஏற்றிக்கொண்டு, நள்ளிரவு தாண்டி 2.40க்கு அதே இடத்தில் இறக்கிவிட்டார்கள். குளிர் உடை, பனி பூட்ஸ், ட்ரைபாட், சூடான சாப்பாடு, கேமரா கற்றுத்தருவது, நம்மை நிறுத்தி எடுத்துத்தரும் படங்கள் எல்லாம் அந்தக் கட்டணத்துக்குள் அடக்கம் என்று போட்டிருந்தார்கள். அன்றிரவு கொடுத்த பணம் வீண் போகாமல் பார்த்துக்கொண்டது எங்களுடன் வந்த கைடு. நிறுவனம் சொன்னதில் பாதியைத்தான் செய்தது. இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

அன்று மத்தியானத்திலிருந்து ட்ரொம்சோவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. தெருவிளக்கைச் சுற்றி வெள்ளையாகச் சுழலும் அந்தப் பனியைப் பார்த்ததும் தம்பி, "அக்கா, இன்னைக்கு ஒண்ணும் தெரியாது போலிருக்கே" என்று சோர்ந்துவிட்டான். எனக்கும் அதே கவலைதான். ஆஸ்லோவிலிருந்து இதற்காகவே விமானம் ஏறி வந்திருந்தோம், அதுவும் மூன்றே இரவுகளுக்கு.

வேனில் ஏறியதும் கைடு எங்களிடம் முதலில் காட்டியது மேகப் படம். அரோராவைப் பற்றிப் பேசும் பலரும் கேபி எண் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று 0 முதல் 9 வரை சொல்லும் அளவு அது. ட்ரொம்சோ ஏறக்குறைய 70 டிகிரி வடக்கில், துருவ ஒளி வளையத்தின், அதாவது துருவத்தைச் சுற்றி இந்த ஒளி அடிக்கடி தோன்றும் பட்டையின், கீழேயே இருக்கிறது. அதனால் இங்கே கேபி 2 இருந்தாலே போதும், தலைக்கு மேல் ஒளி வரும், அதை மறைப்பது மேகம் மட்டும்தான் என்று அவர் விளக்கினார். அன்று கேபி 3. கடலோரம் முழுக்க மேகம். கிழக்கே, ஃபின்லாந்து எல்லையை ஒட்டி, ஒரு நீளமான இடைவெளி.

"இரண்டரை மணி நேரம் ஓட்டணும். வழியில் நின்று நின்று பார்த்தால் எதுவும் கிடைக்காது. நேராகப் போய்விடலாமா?" என்று கேட்டார். எல்லோரும் சரி என்றோம். அந்த ஒரு முடிவுதான் அன்றைய இரவைக் காப்பாற்றியது. மறுநாள் நாங்கள் தங்கியிருந்த இடத்தில் காலைச் சாப்பாட்டின்போது ஒரு குடும்பத்திடம் பேசினோம். அவர்களும் அதே இரவில் வேறொரு பெரிய பேருந்தில் போயிருக்கிறார்கள். கடலோரத்திலேயே மூன்று இடத்தில் நின்றுவிட்டு ஒன்றும் பார்க்காமல் திரும்பியிருக்கிறார்கள். குழந்தைகள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

பாலத்தைக் கடந்து, ஆர்க்டிக் கதீட்ரலின் வெள்ளை முக்கோணத்தைத் தாண்டி, இ8 சாலையில் தெற்கே நூர்ட்யோஸ்பொட்ன் வரை போய், அங்கிருந்து கிழக்கே திரும்பி ஷிபொட்ன் பள்ளத்தாக்கு வழியாக மேலே ஏறினோம். ஷிபொட்ன் பக்கம் மட்டும் ஏன் வானம் தெளிவாக இருக்கும் என்று போகும்போதே சொன்னார். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று லிங்கென் மலைகளில் மோதி, அங்கேயே பனியைக் கொட்டிவிடுகிறது. மலைக்குப் பின்னால் வந்து சேர்வது காய்ந்த காற்று. ட்ரொம்சோ பல்கலைக்கழகத்தின் வானாய்வகம் அங்கே இருப்பதும் அதனால்தானாம். வழியில் நார்வே விஞ்ஞானி பிர்க்கலாண்டைப் பற்றியும் பேசினார். கிறிஸ்டியான் பிர்க்கலாண்ட் 1899இல் ஆல்ட்டாவுக்கு அருகே ஹால்டே மலை உச்சியில் ஆய்வுக்கூடம் கட்டி, குளிர்காலம் முழுக்க அங்கேயே ஆட்களோடு தங்கி இந்த ஒளியை அளந்தவர். அப்புறம் அந்த பிர்க்கலாண்டே, காற்றை உறிஞ்சியெடுத்த கண்ணாடிப் பெட்டிக்குள் பூமிக்குப் பதிலாகக் காந்தமேற்றிய உருண்டையை வைத்து, எலெக்ட்ரான்களைப் பாய்ச்சி, அதன் இரு துருவங்களையும் சுற்றி ஒளி வளையம் வருவதைக் காட்டினார். பழைய 200 குரோனர் நோட்டில் இருந்த முகம் அவருடையதுதான். இருட்டில் வேன் மலையேறிக்கொண்டிருக்கும்போது இதைக் கேட்டதில், நான் எடுக்கப்போவது எதை என்று எனக்குப் புரிந்தது. வெறும் செட்டிங் மட்டும் சொல்லியிருந்தால் அந்த எண்ணம் வந்திருக்காது.

எல்லையைத் தாண்டியதும் போன் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் தாவியது. ஃபின்லாந்து நேரம். கில்பிஸ்யார்வி ஏரி கெட்டியாக உறைந்து, அதற்கு அப்பால் 1,029 மீட்டர் உயர சானா மலை கருநீலமாக நின்றது. வெப்பநிலை மைனஸ் 21. ட்ரொம்சோவில் மைனஸ் 4தான் இருந்தது. நார்வேயை விட்டு வேறு நாட்டுக்குள் போவதால் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். முன்பதிவு செய்தபோது இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நல்ல வேளையாக எங்களிடம் இருந்தது.

இறங்கியவுடன் வடக்கே ஒரு மங்கலான சாம்பல் பட்டை தெரிந்தது. "அக்கா, அது மேகம்தானே?" என்றான் தம்பி. கைடு தன் கேமராவில் எட்டு விநாடி எடுத்துக் காட்டினார். பச்சை! மெல்லிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிடிபடாது, கேமரா அதைச் சேர்த்துவைத்துக் காட்டிவிடும். முதல்முறை போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. இல்லாவிட்டால் கண்ணெதிரே இருக்கும் அரோராவையே மேகம் என்று நினைத்து வேனுக்குள் உட்கார்ந்திருப்பீர்கள். எங்கள் குழுவில் இரண்டு பேர் அப்படித்தான் முதல் இருபது நிமிடத்தை விட்டுவிட்டார்கள்.

என்னிடம் இருந்தது சோனி ஏ7 III, 20 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ். அவர் சொல்லிக்கொடுத்தது இது: ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, திரையில் பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, அது ஊசிமுனையாகச் சுருங்கும் வரை வளையத்தைத் திருப்ப வேண்டும். லென்ஸில் போட்டிருக்கும் முடிவிலிக் குறியை நம்பக்கூடாது. ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்ட வேண்டும் என்ற அளவு) 1600, ஷட்டர் எட்டு விநாடி திறந்திருக்கும், ஒயிட் பேலன்ஸ் (படத்தின் நிறச்சாயலைச் சரிசெய்வது) 3800 கெல்வின், பின்னால் திருத்த வசதியான ரா ஃபைல், இரண்டு விநாடி டைமர். சரியாக வைத்தேன். முதல் படமே நன்றாக வந்தது.

அப்புறம்தான் தப்பு நடந்தது. சட்டகத்தை மாற்றுவதற்காக ட்ரைபாடைத் தூக்கி நகர்த்தியபோது தடித்த கையுறை லென்ஸ் வளையத்தில் உரசியிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. சின்னத் திரையில் எல்லாமே அழகாகத்தான் தெரிந்தது. கிட்டத்தட்ட நாற்பது படம் எடுத்த பிறகு கைடு வந்து, ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, நட்சத்திரம் எல்லாம் சின்னச் சின்ன வட்டமாக இருப்பதைக் காட்டினார். நாற்பதும் போச்சு. எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் மறுபடி ஃபோகஸ் வைத்து, தன் பையிலிருந்து ஒரு துண்டு டேப்பைக் கிழித்து வளையத்தின் மேல் ஒட்டினார். "இனி நகராது. பத்து படத்துக்கு ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள்" என்றார். அந்த டேப் துண்டு இன்னும் என் லென்ஸில்தான் இருக்கிறது.

இங்கேதான் நிறுவனத்தின் மீது எனக்கு வருத்தம். அதிகபட்சம் 8 பேர் என்று எழுதியிருந்தார்கள். வேனில் இருந்தது 11 பேர். அந்தப் பதினோரு பேருக்கும் ஒரே ஆள். வண்டி ஓட்டுவதும் அவர்தான், கற்றுக்கொடுப்பதும் அவர்தான், நெருப்பு மூட்டி உணவு சூடாக்குவதும் அவர்தான். எட்டுப் பேராக இருந்திருந்தால் என் கேமரா பக்கம் அரை மணி முன்னாலேயே வந்திருப்பார், நாற்பது படத்தில் பாதியாவது தப்பியிருக்கும். அவர்கள் கொடுத்த ட்ரைபாடும் சரியில்லை. தம்பிக்குக் கிடைத்ததன் தலைப்பகுதி இறுகவே இல்லை. கேமராவை மேல்நோக்கி வைத்தால் மெதுவாகக் கீழே சாய்ந்தது. சொன்னதும் கைடு தன்னுடைய சொந்த ட்ரைபாடை அவனுக்குக் கொடுத்துவிட்டு, மீதி இரவு முழுக்கத் தன் கேமராவைப் பனிமேட்டில் வைத்து எடுத்தார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் இதையெல்லாம் அவர் ஈடுகட்ட வேண்டிய நிலையில் வைத்தது நிறுவனம்.

ஃபின்லாந்துக் கடிகாரத்தில் 11.40 இருக்கும். வடக்கே படுத்திருந்த பட்டை திடீரென்று முறுக்கிக்கொண்டு எழுந்தது. சானாவின் மேலிருந்து எங்கள் தலைக்கு மேல்வரை ஒரே ஓட்டம். இப்போது கண்ணுக்கே பச்சை தெரிந்தது, கீழ் விளிம்பில் ரோஜா நிறம் ஓடியது. பச்சை, 100 கிலோமீட்டருக்கு மேலே இருக்கும் ஆக்ஸிஜன் தருவது. அந்த ரோஜா விளிம்பு இன்னும் கீழே இறங்கிய துகள்கள் நைட்ரஜனில் மோதுவதால் வருவது. "ஷட்டரைக் குறையுங்கள், இரண்டு விநாடி!" என்று கைடு கத்தினார். ஒளி வேகமாக ஆடும்போது எட்டு விநாடி வைத்தால் எல்லாம் கலந்து பச்சைக் கஞ்சி மாதிரி ஆகிவிடும், மடிப்புகள் தெரியாது. ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றி, ஷட்டரை ஒன்றரை விநாடிக்கு இறக்கினேன். கொஞ்ச நேரத்தில் தலைக்கு நேர் மேலே ஒரு புள்ளியிலிருந்து கதிர்கள் எல்லாப் பக்கமும் விரிந்தன. கொரோனா என்று அதைத்தான் சொல்கிறார்கள். அது நான்கு நிமிடம் இருந்திருக்கலாம். கைடு எல்லோரையும் கேமராவிலிருந்து கையை எடுக்கச் சொன்னார். "ஒரு நிமிடம் சும்மா பாருங்கள்." நான் பனியில் மல்லாந்து படுத்துவிட்டேன். சத்தமே இல்லை. அவ்வளவு பெரிய விஷயம் அவ்வளவு அமைதியாக நடக்கிறது என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

குளிரைப் பற்றிக் கொஞ்சம். கொடுத்த முழு உடுப்பும் பூட்ஸும் நன்றாகவே இருந்தன, கால் ஒருமுறைகூட மரத்துப்போகவில்லை. பேட்டரிதான் தாங்காது. 70 சதவீதத்தில் இருந்த என் முதல் பேட்டரி ஒரு மணி நேரத்தில் தீர்ந்தது. இரண்டாவதை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்திருந்தேன். எடுத்துப் போட்ட பிறகு கடைசிவரை தாங்கியது. கேமராவின் மேல் குனிந்து மூச்சு விட்டால் திரையில் உடனே உறைபனி படியும், அதைத் துடைப்பதும் சிரமம். திரும்பும்போது கேமராவை வேனுக்குள் அப்படியே கொண்டு வரக்கூடாது. வெளியிலேயே பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுக்கி மூடி, அறைக்குப் போய் சில மணி நேரம் கழித்துத்தான் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் லென்ஸுக்குள்ளும் இறங்கும். மெமரி கார்டை முன்பே எடுத்துவிடுங்கள், பொறுமை இருக்காது.

இன்னொன்று, இருட்டில் திரை ரொம்பப் பிரகாசமாகத் தெரியும். அதை நம்பி வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போனேன். வீட்டில் கணினியில் பார்த்தால் பல படங்கள் இருண்டு கிடக்கின்றன. திரையின் பிரகாசத்தை முதலிலேயே குறைத்து வைத்து, ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தின் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தை, பார்த்திருக்க வேண்டும். அன்று கற்றுத்தராமல் விட்ட ஒரே பாடம் அதுதான்.

சாப்பாடு, வெந்நீர் ஊற்றிக் கலக்கும் பொட்டலம். சைவம் வேண்டும் என்று முன்பே எழுதியிருந்தேன், கொண்டு வந்திருந்தார்கள். கழிப்பறை வழியில் ஒரே ஒரு பெட்ரோல் நிலையத்தில்தான், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கைடு எடுத்த படங்கள் இரண்டு நாளில் வரும் என்றார்கள். பதினோராவது நாள்தான் வந்தன, அதுவும் போனில் பார்க்க மட்டும் போதும் என்ற அளவுக்குச் சுருக்கி. பெரிய ஃபைல் கேட்டு இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை. ஆளெண்ணிக்கையைப் பற்றி எழுதியதற்கும் பதில் இல்லை. அதனால் நீங்கள் எந்த நிறுவனத்தில் பதிவு செய்தாலும் பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள்: ஒரு கைடுக்கு எத்தனை பேர், ஓட்டுநர் தனியாக வருவாரா, வானம் மூடியிருந்தால் எல்லை தாண்டிப் போவீர்களா, எத்தனை கிலோமீட்டர் வரை? ஒளி தெரியாவிட்டால் பணம் திரும்ப வராது என்பதை எங்களுடைய நிறுவனம் வெளிப்படையாகவே சொல்லியிருந்தது, அதில் தப்பில்லை, வானத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் தேடிப் போவதற்கு உத்தரவாதம் தரலாம். முடிந்தால் மூன்று நான்கு இரவு தங்குங்கள், பயணத்தை முதல் இரவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மேகம் வந்தால் வேறு நாளுக்கு மாற்ற வழி இருக்கும்.

நல்ல கேமரா இல்லையே என்று யோசிக்க வேண்டாம். தம்பியின் கேமரா பழையது, அதை அவன் பாதியிலேயே வைத்துவிட்டு, கைடு கொடுத்த ட்ரைபாடில் போனை மாட்டி நைட் மோடில் பத்து விநாடி எடுத்தான். அவனுடைய ஏழெட்டுப் படம் என் படங்களுக்குக் குறைந்ததே இல்லை.

நான் அச்சடித்துச் சுவரில் மாட்டியிருப்பது ஒரே ஒரு படம். கொரோனா அடங்கி ஒளி மறுபடி மெதுவானபோது எடுத்தது, ஐஎஸ்ஓ 1600, ஆறு விநாடி. உறைந்த ஏரியின் நடுவே தம்பி நிற்கிறான், பின்னால் சானா. ஆள் அசைந்தால் படம் கலங்கிவிடும் என்பதால் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கச் சொன்னோம். கைடு தன் தலைவிளக்கைக் கையுறைக்குள் மூடி, கண்சிமிட்டும் நேரம் மட்டும் அவன் மேல் காட்டினார். ஷட்டர் மூடிய சத்தம் கேட்டதும், "அக்கா, வந்திருக்கா?" என்று அங்கிருந்தே கேட்டான். வந்திருந்தது.