ஆடிக்காற்றில் ஒரு சின்னப் பசுமைக்குடில்: சில வருட அனுபவம்

வீட்டுத் தோட்டத்தில் வைக்கும் இலகுவான பசுமைக்குடில் காற்றுக்கு நிற்குமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நிற்கும், ஆனால் வாங்கி வந்தபடியே நட்டுவைத்தால் நிற்காது. உடுமலைப்பேட்டைக்கு வடக்கே குடிமங்கலம் பக்கம் எங்கள் வீடு. பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே கிடக்கும் பூமி. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் இருக்கிற அந்தத் திறப்பு வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்துவிட்டால், வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி தாண்டியும் ஓயாது. சுற்றுவட்டாரத்தில் இத்தனை காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். இப்படிப்பட்ட இடத்தில் 10க்கு 12 அடி அளவில் ஒரு குடிலைச் சில வருடங்களாக வைத்திருக்கிறேன். உள்ளே குடைமிளகாயும் வெள்ளரியும் உண்டு. என் முக்கியத் தேவை குழித்தட்டில், அதாவது சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில், வளர்க்கும் நாற்று.

வாங்கியது ஆன்லைனில் கிடைக்கும் வழக்கமான கிட். மெல்லிய இரும்புக் குழாய்கள், அவற்றைச் செருகிக்கொள்ள பிளாஸ்டிக் முனைகள், மேலே ஷீட், முன்பக்கம் ஜிப் வைத்த கதவு, தரையில் அடிக்க எல் வடிவக் கம்பி முளைகள். மொத்த எடை 15 கிலோ பக்கம். பெட்டியில் வந்ததில் இன்றைக்கும் உபயோகத்தில் இருப்பது வளைவுக் குழாய்கள் மட்டும்தான். முளைகளை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். எங்கள் மண் மேலே செம்மண், ஒரு அடிக்குக் கீழே சுக்கான், அதாவது சுண்ணாம்புக் கல் கலந்த கெட்டி மண். முளை பாதிகூட இறங்காது. கரிசல் பூமிக்காரர்களுக்கு வேறு தொல்லை: மழையில் மண் உப்பும், வெயிலில் வெடிப்பு விடும், எவ்வளவு ஆழமாக அடித்த முளையும் ஒரு கோடைக்குள் ஆட்டம் கண்டுவிடும்.

காற்றின் பலத்தை ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்றழுத்தம் வேகத்தின் வர்க்கமாக ஏறும்: வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. காற்றின் பளுவைக் கணக்கிடக் கட்டடப் பொறியாளர்கள் பின்பற்றும் இந்தியத் தரநிலையான ஐஎஸ் 875 மூன்றாம் பகுதியில் உள்ள சூத்திரம் எளிமையானது: வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, 0.6 ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று வரும். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்றுக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 6 கிலோ. அதுவே 72 ஆனால் 12 அல்ல, 24 கிலோ. என் குடிலின் கூரைப் பரப்பு தரையளவில் 11 சதுர மீட்டர். அப்படியென்றால் 72 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 270 கிலோ விசை அதைத் தூக்கப் பார்க்கிறது. காற்று கூரையைத் தாண்டி ஓடும்போது மேல்புறத்தில் உறிஞ்சும் விசை உண்டாகிறது. அம்மியே பறக்கும் என்று சொல்லிவைத்த ஆடியில் 15 கிலோ சட்டகம் எந்த மூலை?

ஆகவே பணத்தை முதலில் பூமிக்குள் போட்டேன். நான்கு வளைவுகள், எட்டுக் கால்கள். ஒவ்வொரு காலுக்கும் ஒரு அடி அகலம், இரண்டடி ஆழத்தில் குழி. சுக்கானில் குழி எடுக்கக் கடப்பாறையோடு ஆள் விட்டாக வேண்டும். குழிக்குள் வளைவுக் குழாயை நேராக நடவில்லை. அதைவிட ஒரு சுற்றுப் பெரிய ஜிஐ (துத்தநாகப் பூச்சுள்ள இரும்பு) குழாயை நட்டு கான்கிரீட் போட்டு, வளைவுக் குழாயை அதற்குள் இறக்கி, குறுக்கே இரண்டு போல்ட் முடுக்கியிருக்கிறோம். ஒரு குழிக்குப் போகும் கான்கிரீட் ஏறத்தாழ 100 கிலோ. எட்டுக் குழிக்கு 800. மேலே போட்ட கணக்கோடு ஒப்பிட்டால் மனசுக்கு நிம்மதி.

இதில் வெல்டர் அண்ணன் சொல்லிக்கொடுத்த ஒன்றைக் கட்டாயம் எழுத வேண்டும். நடுகிற குழாயின் அடியில் துளை போட்டு, ஒரு சாண் நீளக் கம்பியைக் குறுக்கே செருகினார். "இல்லீன்னா கான்கிரீட் அப்படியே இருக்கும், பைப்பு மட்டும் உருவிக்கிட்டு வந்துரும் பாத்துக்குங்க" என்றார். வழவழப்பான ஜிஐ குழாய்க்குக் கான்கிரீட்டில் அவ்வளவாகப் பிடிமானம் கிடையாது. மேல்நோக்கி இழுக்கும்போது தடுத்து நிற்பது அந்தக் குறுக்குக் கம்பிதான்.

குடிலை நிறுத்தும் திசையும் அடித்தளம் அளவுக்கு முக்கியம். எங்கள் காற்று மேற்கிலிருந்து, சற்றே தென்மேற்காக வருகிறது. குடிலின் குறுகிய முகப்பு அந்தப் பக்கம், நீளவாக்கு காற்றுக்கு இணையாக. மேற்கு முகப்பிலும் அதை அடுத்த இரண்டு வளைவுகளுக்கு இடையிலும் பெருக்கல் குறி போலக் குறுக்குக் குழாய் கொடுத்து கிளாம்ப் போட்டிருக்கிறோம். இந்தக் குறுக்குகள் இல்லாவிட்டால் கால் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் மொத்த வளைவுகளும் ஒரே பக்கமாகச் சாயும். கிட்டோடு வந்த பிளாஸ்டிக் முனைகள் இரண்டாம் கோடையில் விரிசல் விட்டன. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இரும்புக் கிளாம்ப் மாற்றியாயிற்று. கதவு ஜிப்பும் அதே சமயத்தில் போனது. அங்கே இப்போது கீல் வைத்த சட்டக் கதவு, மேலும் கீழும் தாழ்ப்பாளோடு.

அடுத்தது ஷீட். காற்றில் ஷீட் கிழிவதை உற்றுக் கவனித்திருக்கிறேன். ஒரே அடியில் கிழிவது அரிது. தொய்வாக இருக்கும் இடத்தில் முதலில் படபடக்கும். ராத்திரியெல்லாம் அந்தச் சத்தம் கேட்கும். படபடக்கும் இடத்தில் குழாயோடு உரசி உரசி மெலியும். பிறகு ஒரு நாள் சாதாரணக் காற்றுக்கே பிளந்துகொள்ளும். கிட்டில் வந்த ஷீட் வெயில் நேராக விழும் தெற்குப் பக்கத்தில், குழாய் தொட்டிருந்த வரி முழுக்க அப்பளம் போல நொறுங்கியது. வெயிலில் சூடேறும் இரும்பு, தொட்ட இடத்தில் ஷீட்டைச் சீக்கிரம் முதுமையாக்கிவிடும். இப்போது போட்டிருப்பது பாலிஹவுஸ்காரர்கள் (பெரிய பிளாஸ்டிக் குடில் வைத்திருப்பவர்கள்) போடும் 200 மைக்ரான் யூவி ஷீட், அதாவது வெயிலைத் தாங்கும் மருந்து சேர்த்தது. அது தொடும் வரிகளில் குழாய்க்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்திருக்கிறேன். சட்டகத்துக்குப் பிவிசி குழாய் போடலாமே என்று பலர் கேட்கிறார்கள். பிவிசியில் இருக்கும் குளோரின், ஷீட்டில் சேர்த்திருக்கும் வெயில் காப்பு மருந்தைக் கெடுக்கும். கந்தகம் கலந்த பூஞ்சைக் கொல்லியும் அதே வேலையைச் செய்யும். குடிலுக்குள் கந்தகத் தூள் பக்கமே போகாதீர்கள்.

ஷீட்டைப் பிடிக்க அலுமினியப் புரொஃபைலும் (நீளவாக்கில் காடி உள்ள பட்டை) அதற்குள் அமுக்கும் ஜிக்ஜாக் ஸ்பிரிங்கும் (வளைந்து வளைந்து போகும் கம்பி). இந்த மொத்தக் குடிலில் கொடுத்த காசுக்கு மிக அதிகப் பலன் தந்தது எதுவென்றால் நான் இதைத்தான் காட்டுவேன். காடியில் ஷீட்டை வைத்து, ஸ்பிரிங்கை இடமும் வலமுமாக ஆட்டி அமுக்கினால் நீளம் முழுக்க ஒரே சீராகப் பிடித்துக்கொள்ளும். ஆணி, கம்பி, கயிறு எல்லாம் ஒரு புள்ளியில் மட்டும் இழுக்கும். கிழிசல் தொடங்குவது அந்தப் புள்ளியில்தான். பிளாஸ்டிக் பூச்சுள்ள ஸ்பிரிங்காகப் பார்த்து வாங்குங்கள். வெறும் கம்பி துருவேறி ஷீட்டை அறுக்கும். பக்கவாட்டில் ஷீட்டை ஒரு அடி கூடுதலாக விட்டு, சுற்றிலும் வாய்க்கால் மாதிரி பறித்து, அந்த ஓரத்தை உள்ளே போட்டு மண் தள்ளி மிதித்திருக்கிறோம். அடியில் காற்று புக வழியே இல்லை.

கதவு, பக்கத் திரை விஷயத்தில் வீட்டில் எல்லோருக்கும் ஒரே ஒரு விதி சொல்லி வைத்திருக்கிறேன். காற்று வருகிற பக்கத்தை மூடு, போகிற பக்கத்தைத் திற. மேற்கில் கதவு திறந்து கிடந்தால் உள்ளே நுழைந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும், மேலே ஏற்கெனவே உறிஞ்சல் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து. கிழக்கே திறந்தால் உள் அழுத்தம் இறங்கும், வெப்பமும் வெளியேறும். ஆனி, ஆடியில் இங்கே மேகமூட்டம் இருப்பதால் மேற்கை அடைத்தே வைத்தாலும் செடி வேகாது.

காற்றுத்தடுப்புக்கு வருவோம். மேற்கே மதில் எழுப்பிவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தபோது, பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வேண்டாம் என்றார். "அம்மிணி, வெத்தலக் கொடிக்கால் பாத்ததில்லீங்களா? சுத்தியும் அகத்தி நிக்கும். காத்து சலிச்சுத்தான் உள்ள போகும். செவுரு கட்டுனா ஏறிக் குதிச்சு அந்தப் பக்கம் சுழட்டும்." அவர் சொன்னது காற்றுத்தடுப்பு பற்றிய ஆய்வுகள் சொல்வதேதான். ஏறத்தாழ பாதிக் காற்றை ஊடே விடும் தடுப்புதான் நல்ல தடுப்பு. உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரை அதன் பலன் தெரியும். அடைத்த சுவருக்குப் பின்னால் காற்று சுழன்றடிக்கும். குடிலின் அகலத்தைவிட இரு பக்கமும் நீண்டிருக்க வேண்டும் என்பது இன்னொன்று, ஏனென்றால் தடுப்பின் ஓரங்களில் காற்று வேகம் கூடித் திரும்பும்.

முதல் வருடம் 50 சதவீத நிழல்வலையைக் கல்தூண்களில் இழுத்துக் கட்டினேன். அதற்கு உள்பக்கம் நெருக்கமாக அகத்தி விதைத்தேன். அகத்தி ஒரே வருடத்தில் ஆளுயரம் தாண்டிவிடும், கீரையும் ஆயிற்று, ஆட்டுக்குத் தீவனமும் ஆயிற்று. மரம் மென்மையானது, கிளை முறியும் என்பதால் குடிலிலிருந்து 15 அடி தள்ளியே நிற்கிறது. அதற்கு வெளியே சவுக்கு வைத்திருக்கிறேன். கோயம்புத்தூரில் இருக்கும் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் காற்றுத்தடுப்புக்கென்றே தேர்ந்தெடுத்த சவுக்கு ரகங்களை வெளியிட்டிருக்கிறது. வாழைத் தோட்டக்காரர்களுக்கு அது தெரிந்த செய்தி. சவுக்கு முழு உயரத்துக்கு வந்துவிட்டால் வலையைக் கழற்றிவிடலாம். இப்போதே தடுப்புக்கு உள்ளும் வெளியும் நின்று பார்த்தால் வித்தியாசம் முகத்தில் தெரிகிறது. வெள்ளரிக் கொடியின் இலை ஓரங்கள் காய்ந்து கருகுவதும் குறைந்துவிட்டது.

இத்தனையும் ஆடிக்காற்றுக்கு. ஆனால் எனக்கு உண்மையில் பயம் ஆடியில் இல்லை, சித்திரையில்தான். ஆடிக்காற்று முரடாக இருந்தாலும் வரும் திசை தெரியும், வேகமும் ஏறத்தாழத் தெரியும். கோடை மழைக்கு முன்னால் அடிக்கும் காற்றுக்கு எந்த ஒழுங்கும் கிடையாது. இடிமேகத்துக்குள் மழையால் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்கித் தரையில் மோதி நாலாபக்கமும் சிதறும். கிழக்கிலிருந்தும் வரும், வடக்கிலிருந்தும் வரும். மத்தியானம் வரை இலை அசையாத புழுக்கம், பிறகு கிழக்கே கறுக்கும், திடீரென்று உடம்பு சிலிர்க்கும்படி குளிர்ந்த காற்றும் புழுதியும். மழைத்துளி விழும் முன்பே எல்லாம் நடந்து முடிந்துவிடும். குடிலின் கிழக்குப் பக்கத்தை இறுக்கிப் பிடித்திருப்பதற்குக் காரணம் இந்தக் காற்றுதான். பங்குனி, சித்திரையில் மத்தியானத்துக்கு மேல் தாமினி செயலியைத் திறந்து பார்ப்பேன். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் மின்னலுக்காக உருவாக்கியது அது. 20 கிலோமீட்டருக்குள் மின்னல் காட்டினால் நாலு பக்கமும் அடைத்துவிடுவோம். கொஞ்ச நேரம் உள்ளே வெப்பம் ஏறினாலும் பரவாயில்லை.

மாடித்தோட்டக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மாடியில் காற்று தரையைவிட வேகம், கைப்பிடிச் சுவரில் மோதிச் சுழலவும் செய்யும். தளத்தைத் துளைத்து போல்ட் போட்டால் ஒழுகும். 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஒவ்வொரு மூலைக் காலோடும் கட்டினால் மூலைக்கு 200 கிலோ கிடைக்கும், ஆனால் தளம் தாங்குமா என்று கட்டியவரிடம் கேட்டுக்கொண்டு வையுங்கள். கட்டுவதற்கு மஞ்சள் பிளாஸ்டிக் கயிறு வேண்டாம், வெயிலில் பொடிந்துவிடும். என்னைக் கேட்டால் மாடிக்கு ஷீட்டே வேண்டாம், நிழல்வலை போதும். வலை காற்றை ஊடே விடும்.

கடலோர மாவட்டத்தாருக்கு என் அனுபவம் அப்படியே பொருந்தாது. அதே ஐஎஸ் 875 கோயம்புத்தூருக்கு அடிப்படைக் காற்று வேகத்தை வினாடிக்கு 39 மீட்டர் என்று எடுத்தால், சென்னைக்கு 50 என்கிறது, அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் சதுர மீட்டருக்கு 150 கிலோவுக்கு மேல் வரும். வீட்டுக் குடில் எதுவும் அதற்கு ஈடுகொடுக்காது. புயல் எச்சரிக்கை வந்ததும் ஸ்பிரிங்கை உருவி ஷீட்டைச் சுருட்டி வீட்டுக்குள் கொண்டுபோய்விடுவதே வழி. வெறும் குழாயில் காற்றுக்குப் பிடி கிடையாது, சட்டகமாவது மிஞ்சும். ஜிக்ஜாக் ஸ்பிரிங் இருந்தால் இது இரண்டு பேருக்கு ஒரு மணி நேர வேலை.

செலவைச் சொல்வதானால் கான்கிரீட், கிளாம்ப், புரொஃபைல், நல்ல ஷீட் எல்லாம் சேர்த்துக் கிட் விலையைப் போல இன்னொரு மடங்குக்கும் கூடவே ஆயிற்று. அதனால் யாராவது புதிதாகக் கேட்டால், கிட் வாங்காதீர்கள், அதே பணத்தில் உள்ளூர் வெல்டரிடம் ஒன்றேகால் இஞ்சு ஜிஐ குழாயில் வளைத்து வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். ஷீட் மாற்றுவதாக இருந்தால் மாசிக் கடைசியில், காற்று எழும்பாத காலை நேரத்தில், வெயில் கொஞ்சம் ஏறியபின் போடுங்கள். சூட்டில் ஷீட் சற்று விரிந்திருக்கும்போது இழுத்து ஸ்பிரிங் அமுக்கினால், குளிர்ந்தபின் இன்னும் இறுகும். என் ஷீட்டுக்கு வருகிற மாசியில் முறை வருகிறது. மேற்கு முகப்புக்கு மட்டும் ஷீட்டுக்குப் பதிலாக 6 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் (விறைப்பான பிளாஸ்டிக் பலகை) போட்டுப் பார்ப்பதாக இருக்கிறேன்.