புளியமரத்து வௌவாலும் பனிக்கட்டிப் பெங்குயினும்

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுப் பின்புறப் புளியமரத்தில் பழந்தின்னி வௌவால்கள் தொங்குகின்றன. பாலக்காட்டுச் சித்திரை வெயிலில் ஒவ்வொன்றும் ஒரு சிறகை மட்டும் விரித்து, விசிறி போல மெல்ல வீசிக்கொள்ளும். அண்டார்டிகாவின் எம்பரர் பெங்குயினுக்கு நேர்மாறான கவலை: மைனஸ் 40 டிகிரியில் உடல் சூடு போகாமல் நூற்றுக்கணக்கில் நெருக்கியடித்து நிற்கும்.

வௌவால் பாலூட்டி, பெங்குயின் பறவை. ஆனால் பறப்பது வௌவால்தான்! நீண்ட விரல்களுக்கிடையே தோல் விரிந்த அதன் சிறகு ஒரு மீட்டருக்கு மேல் அகலும். எடையோ ஒன்றரைக் கிலோ அளவுதான். பெங்குயின் 20 முதல் 40 கிலோ. துடுப்பான சிறகால் 500 மீட்டருக்கும் கீழே மூழ்கும்.

பிள்ளை வளர்ப்பில் எனக்குப் பெங்குயின் அப்பாதான் உசத்தி. முட்டையைப் பாதத்தின் மேல் வைத்து, ஏறக்குறைய 65 நாள் பட்டினியாக அடைகாக்கும். வௌவாலில் அந்தப் பாரம் தாய்க்கு. ஒற்றைக் குட்டியை மார்பில் கவ்வ வைத்தே பறக்கும்.

சரி, யாருக்காக நாம் பேச வேண்டும்? வௌவாலுக்காக. 2018இல் கோழிக்கோட்டில், வௌவால்களிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நிபா வைரஸ் நோய் வந்தபின் இங்கேயும் மரத்தை வெட்டச் சொன்னார்கள். விரட்டினால் வௌவால்கள் மிரண்டு சிதறி, நோய் இன்னும் பரவக்கூடும். அவை கடித்த பழத்தைத் தொடாமல், கள்ளுப்பானையை மூடி வைத்தால் ஆபத்து குறையும். இரவெல்லாம் பூவுக்குப் பூ மகரந்தமும் ஊருக்கு ஊர் விதையும் சுமப்பவை அவை. எங்கள் மரம் இன்னும் நிற்கிறது.