2000 வாட் டிம்மர் போர்டு: டிரையாக் தாங்கும், போர்டு தாங்காது

சென்னை ரிச்சி தெருக் கடைகளிலும் ஆன்லைனிலும் ‘2000 வாட் எஸ்சிஆர் வோல்டேஜ் ரெகுலேட்டர்’ என்று ஒரு சின்ன போர்டு விற்கிறது. லோடுக்கு, அதாவது இதில் மாட்டும் சாதனத்துக்கு, போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் இது. ஒரு குமிழ், நாலு ஸ்க்ரூ டெர்மினல், சூட்டை வெளியேற்ற கட்டை விரல் அளவு அலுமினிய ஹீட்சிங்க், அவ்வளவுதான். சால்டரிங் அயர்ன், குண்டு பல்பு, 500 வாட்டுக்குள் அடங்கும் ஹீட்டர், கார்பன் பிரஷ் உள்ள டிரில் மெஷின் ஆகியவற்றுக்குக் கொடுத்த காசுக்கு மேலாகவே உழைக்கும். பெயரில் உள்ள 2000 வாட்டை நம்பி கீசரை மாட்டினால் கருகிவிடும்.

பெயர் எஸ்சிஆர் என்றாலும் ஹீட்சிங்கில் திருகியிருப்பது பிடிஏ16-600பி என்ற டிரையாக். இரண்டுமே மின்சாரத்தைத் திறந்து மூடும் அரைக்கடத்தி ஸ்விட்சுகள். எஸ்சிஆர் ஒரு திசையில் மட்டும் கடத்தும். டிரையாக் ஏசியின் இரண்டு அரைச்சுற்றிலும் கடத்தும். கேட் என்ற கட்டுப்பாட்டுக் காலில் ஒரு சின்ன கரண்ட் துடிப்பு கொடுத்தால் திறந்துகொள்ளும், பிறகு லோடு கரண்ட் பூஜ்யத்தை நெருங்கும்வரை மூடாது. 50 ஹெர்ட்ஸில் ஒரு அரைச்சுற்று 10 மில்லிசெகண்ட். அதில் எத்தனை மில்லிசெகண்ட் கழித்துத் திறப்பது என்பதைத்தான் குமிழ் தீர்மானிக்கிறது.

அந்தத் துடிப்பைக் கொடுப்பது டிபி3 டையாக். பார்வைக்குச் சின்ன கண்ணாடி டையோடு மாதிரி இருக்கும், ஆனால் திசை கிடையாது, எப்படித் திருப்பி சால்டர் செய்தாலும் ஒன்றுதான். 28 முதல் 36 வோல்ட்டுக்குள், பெரும்பாலும் 32 வோல்ட் வரை, அது கரண்டை விடாது. அதைத் தாண்டியதும் சட்டென உடைந்து, 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரில் சேர்ந்த சார்ஜில் ஒரு பகுதியைக் கேட்டில் கொட்டும். குமிழுக்குப் பின்னால் இருக்கும் 500 கிலோஓம் பொட்டன்ஷியோமீட்டர், அதாவது மாற்றக்கூடிய ரெசிஸ்டர், அந்தக் கெபாசிட்டர் எவ்வளவு வேகமாக நிரம்புவது என்பதை மாற்றுகிறது.

‘குமிழைப் பாதி தூரம் திருகினாலும் ஒன்றும் நடப்பதில்லை’ என்று பலரும் புகார் சொல்வதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. 50 ஹெர்ட்ஸில் 0.1 மைக்ரோஃபாரடின் ரியாக்டன்ஸ், அதாவது ஏசிக்கு அது காட்டும் தடை, ஏறக்குறைய 32 கிலோஓம். மெயின்ஸின், அதாவது 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தின், உச்சம் 325 வோல்ட். தொடரில் 500 கிலோஓம் இருந்தால் கெபாசிட்டர் 21 வோல்ட்டுக்கு மேல் ஏறாது, டையாக் உடையவே உடையாது. கணக்குப்படி 320 கிலோஓமுக்குக் கீழே வந்தால்தான் 32 வோல்ட் தொடும். ஆக, குமிழின் பயணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெறும் சுற்று. பொட்டன்ஷியோமீட்டரின் இரு கால்களுக்குக் குறுக்கே 1.5 மெகாஓம் ரெசிஸ்டர் ஒன்றை இணைத்தால் மொத்தம் 375 கிலோஓமாகக் குறையும், குமிழ் கைக்கு நன்றாகப் பிடிபடும். அது அரை வாட் ரெசிஸ்டராக இருக்கட்டும். கால் வாட் ரெசிஸ்டர்கள் பொதுவாக 250 வோல்ட்டுக்குத்தான் தயாரிக்கப்பட்டவை.

பல்பு திடீரென ஓரளவு பிரகாசத்தோடு எரியத் தொடங்கி, பிறகு குமிழைத் திருப்பினால் அதைவிட மங்கலாகவும் எரிவது பழுதல்ல. முதல் முறை டையாக் உடைந்ததும் கெபாசிட்டர் ஓரளவு காலியாகிவிடுகிறது. அடுத்த அரைச்சுற்றில் எதிர்த்திசைக்கு ஏற வேண்டிய தூரம் குறைவதால் முன்கூட்டியே உடைகிறது. இதைப் போக்க இன்னொரு ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் வேண்டும், இந்த விலைக்கு அதை எதிர்பார்க்க முடியாது.

இனி 2000 வாட் கதை. டிரையாக்கின் டேட்டாஷீட்டில் 16 ஆம்பியர் இருப்பது உண்மைதான், ஆனால் அதன் உடம்பு வெப்பத்தைக் கட்டுக்குள் வைத்தால்தான் அந்த எண் செல்லும். கடத்தும்போது டிரையாக்கில் ஏறக்குறைய ஒரு வோல்ட் விழும், அதனால் ஆம்பியருக்கு ஒரு வாட் வீதம் சூடு. 2000 வாட் லோடில் 8.7 ஆம்பியர் ஓடும், சூடு 8 வாட்டைத் தாண்டும். இத்தனை சின்ன ஹீட்சிங்க் வாட்டுக்கு 15 முதல் 20 டிகிரி ஏறும். பெருக்கினால் 120 டிகிரிக்கு மேல், அதோடு சித்திரை மாதத்து அறை வெப்பம் வேறு. டிரையாக்கின் உள்ளே இருக்கும் சிலிக்கான் சந்தி 125 டிகிரியைத் தாண்டக் கூடாது. 500 வாட் என்றால் 2 வாட் அளவில்தான் சூடு, கவலையில்லை. 1000 வாட்டுக்கு மேல் வேண்டுமென்றால் பெரிய ஹீட்சிங்க், தெர்மல் பேஸ்ட், போர்டின் தாமிரத் தடத்தின் மேல் கனமான கம்பி வைத்து சால்டர், இந்த மூன்றும் வேண்டும்.

ஹீட்சிங்கைத் தொடும் முன் ஒரு சோதனை கட்டாயம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டிரையாக்கின் உலோக முதுகுக்கும் நடுக்காலுக்கும் இடையே மல்டிமீட்டரின் பஸ்ஸரை வையுங்கள். பிடிஏ வகையில் முதுகு உள்ளேயே காப்பிடப்பட்டது, சத்தம் வரக் கூடாது. சத்தம் வந்தால் அது பிடிபி வகை அல்லது போலி, ஹீட்சிங்க் முழுக்க 230 வோல்ட் நிற்கும். பொட்டன்ஷியோமீட்டரின் கால்களும் மெயின்ஸோடு நேரடி இணைப்பில் இருப்பவை. பிளாஸ்டிக் குமிழ் இல்லாமலோ, பெட்டிக்கு வெளியே வைத்தோ இந்தப் போர்டை ஓட்டவே கூடாது. குமிழைக் கடைசி வரை குறைத்தாலும் லோடு மெயின்ஸிலிருந்து பிரிவதில்லை, தனி ஸ்விட்ச் வேண்டும்.

எல்இடி பல்புக்கு இது ஒத்துவராது. இந்த டிரையாக் திறந்தே இருக்க 50 மில்லிஆம்பியர் வரை தேவைப்படலாம். 9 வாட் பல்பு சராசரியாக 40 மில்லிஆம்பியர் அளவில்தான் இழுக்கும். திறப்பதும் மூடுவதுமாகச் சிமிட்டிக்கொண்டே இருக்கும். சீலிங் ஃபேனில் வேறு சிக்கல்: மோட்டாரின் கரண்ட் வோல்டேஜுக்குப் பின்தங்குவதால், கரண்ட் நின்று டிரையாக் மூடும் நொடியில் அதன் குறுக்கே வோல்டேஜ் ஏற்கெனவே உயரத்தில் நிற்கிறது. அந்தத் திடீர் ஏற்றமே அதை மறுபடி திறந்துவிடும், வேகம் குறையாது. 100 ஓம் ரெசிஸ்டரையும் மெயின்ஸுக்கென்றே உள்ள 275 வோல்ட் எக்ஸ்2 வகை 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரையும் தொடராக்கி டிரையாக்கின் குறுக்கே போட்டாலோ, டிரையாக்கை இந்த ஏற்றத்தைத் தாங்கும் 600பிடபிள்யூ வகைக்கு மாற்றினாலோ சரியாகும். ஆனாலும் ஃபேன் முனகும். ஃபேனுக்குக் கெபாசிட்டர் வகை ஸ்டெப் ரெகுலேட்டர்தான் நல்லது.

110 வோல்ட் அமெரிக்கச் சாதனத்தை ஓட்ட இதை வாங்காதீர்கள். வெளியீட்டை 110 வோல்ட் ஆர்எம்எஸ்ஸுக்கு (ஏசியின் பயனுறு வோல்டேஜுக்கு) திருகி வைத்தாலும் ஒவ்வொரு அரைச்சுற்றிலும் உச்சம் 290 வோல்ட்டைத் தொடும், சார்ஜர் மாதிரியான பவர் சப்ளைகள் அதிலேயே வெடிக்கும். மீட்டரும் ஏமாற்றும்: சரியாகப் பாதியில், 5 மில்லிசெகண்டில் திறக்கும்போது உண்மையான ஆர்எம்எஸ் 163 வோல்ட், சாதா மல்டிமீட்டர் காட்டுவதோ 115. ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் இல்லாமல் அளப்பதில் பயனில்லை.

பழுதானால் இரண்டு விதம். எப்போதும் முழு வேகம் என்றால் டிரையாக் ஷார்ட். அடியோடு வேலை செய்யவில்லை என்றால் டையாக் அல்லது பொட்டன்ஷியோமீட்டர். டையாக்கை மல்டிமீட்டரால் சோதிக்க முடியாது, நல்லதும் ஓபன் என்றுதான் காட்டும். 60 வோல்ட் டிசி, 100 கிலோஓம் ரெசிஸ்டர், 10 மைக்ரோஃபாரட் 100 வோல்ட் கெபாசிட்டர் மூன்றையும் தொடராக இணைத்துச் சோதிக்கலாம். அந்தக் கெபாசிட்டரின் குறுக்கே டையாக், 330 ஓம், ஒரு எல்இடி மூன்றும் தொடராக. எல்இடி விட்டுவிட்டு மின்னினால் டையாக் நலம்.

போர்டில் ஃபியூஸ் இல்லை. குண்டு பல்பு ஃபியூஸ் போகும் கணத்தில் உள்ளே ஆர்க் விழுந்து, பெருங்கரண்ட் ஓடி டிரையாக்கையும் கொண்டுபோவது உண்டு. 500 வாட் லோடுக்கு 3.15 ஆம்பியர் வேகவகை ஃபியூஸை ஹோல்டரோடு ஃபேஸ் வயரில் போடுங்கள். டிரையாக்கைக் காப்பாற்றும் என்ற உறுதி கிடையாது, வயர் எரியாமல் காப்பாற்றும்.