கலர் காலிபிரேட்டர் ரிவ்யூ: ஸ்கிரீன் சரியாச்சு, அக்காவோட சண்டை சரியாகல

கலர் காலிபிரேட்டர்னா மானிட்டரோட கலர அளந்து சரி பண்ற மெஷின். மூணு மாசமா யூஸ் பண்றேன், அதனால இப்ப எழுதினா நியாயமா இருக்கும். வாங்குன வாரமே எழுதியிருந்தா ஒரே ஒரு ஸ்டார் தான் போட்டிருப்பேன், அதுவும் மெஷின் மேல இல்லாத கோவத்துல.

ஏன் வாங்குனேன்னு முதல்ல சொல்லிடறேன், இல்லைன்னா மீதி புரியாது. அக்கா செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஸ்வெட்டர் பாத்து வச்சிருந்தா, விக்கிறவங்க அத ஜன்னல் பக்கத்துல ஒரு நாற்காலி முதுகுல மாட்டி போட்டோ எடுத்து போட்டிருந்தாங்க. "சாம்பல் கலர், எல்லாத்துக்கும் மேட்ச் ஆகும்டா"ன்னு என் மானிட்டர்ல காட்டறா, எனக்கு அது அப்பட்டமா இளநீலம். நான் சொன்னா ஒத்துக்கல, "உன் மானிட்டர் மட்டம்"னா, நான் "உன் கண்ணு மட்டம்"னேன், அப்புறம் அவ போன்ல பாத்தோம், அதுலயும் அவளுக்கு சாம்பல் எனக்கு நீலம். நியாயமா அங்கயே எனக்கு உறைச்சிருக்கணும். ஒரே ஸ்கிரீன பக்கத்துல பக்கத்துல உக்காந்து பாக்கறோம், ரெண்டு பேருக்கும் ரெண்டு கலர், அப்ப ஸ்கிரீன் எப்படி குற்றவாளி ஆகும்? ஆனா கேட்ஜெட் வாங்க ஒரு சாக்கு கிடைச்சா நமக்கு மூளை வேலை செய்யாதுல்ல, ஆர்டர் போட்டாச்சு.

பொருள் என்னன்னா மவுஸ் சைஸ்ல ஒரு கருப்பு டப்பா, அடில ஒரு லென்ஸ், சுத்தி மெத்துன்னு ஒரு ஸ்பாஞ்சு. யூஎஸ்பி வயர்ல நடுவுல ஒரு சின்ன வெயிட் கோத்திருக்கு, அத மானிட்டருக்கு பின்னாடி தொங்க விட்டா டப்பா முன்னாடி ஸ்கிரீன் மேல ஒட்டினாப்ல நிக்கும். மானிட்டர கொஞ்சம் மேல பாத்த மாதிரி சாய்ச்சு வைங்க, இல்லைன்னா ஓரத்துல இடைவெளி விட்டு ரூம் லைட் உள்ள போகும், அளவு கெட்டுடும். மானிட்டர் அரை மணி நேரமாவது ஓடி சூடாகி இருக்கணும். வெள்ளைக்கு 6500 கெல்வின் (பகல் வெளிச்சம் மாதிரி வெள்ளை), காமா 2.2 (கருப்புல இருந்து வெள்ளைக்கு எப்படி ஏறணும்ங்கறது), பிரைட்னஸ் 120ன்னு வச்சுட்டு ஸ்டார்ட் குடுத்தா ஸ்கிரீன்ல சிவப்பு பச்சை நீலம் அப்புறம் கருப்புல இருந்து வெள்ளை வரைக்கும் படிப்படியா சாம்பல்னு கட்டம் கட்டமா ஓடும், டப்பா ஒவ்வொண்ணையும் படிக்கும், கடைசில ஒரு ப்ரொஃபைல் ஃபைல், அதாவது கலர எப்படி திருத்திக் காட்டணும்ங்கற குறிப்பு, எழுதி வைக்கும். அவ்ளோதான் வேலை.

முடிஞ்சதும் நான் பாத்தது ஒரு மஞ்சக்காமாலை வந்த ஸ்கிரீன்! வெள்ளை பேஜ் எல்லாம் பழைய நோட்டு மாதிரி. ரிட்டர்ன் போட்டுடலாம்னு பேக்கிங் டேப் எல்லாம் தேடினேன், அப்புறம் சரி ரெண்டு நாள் போகட்டும்னு விட்டேன். ரெண்டாவது நாள் சாயங்காலம் சும்மா ப்ரொஃபைல ஆஃப் பண்ணி பழைய செட்டிங்க பாத்தா, அது ட்யூப்லைட் மாதிரி நீலமா அடிக்குது. இத்தனை வருஷம் அந்த நீலத்ததான் வெள்ளைன்னு நம்பிட்டு இருந்திருக்கேன். ஸ்கிரீன் அன்னைக்கு இருந்த மாதிரியேதான் இருக்கு, மாறினது நான். இந்த ஒரு அனுபவத்துக்கே காசு சரியாப் போச்சுன்னு சொல்லுவேன்.

சரி, அக்காவ கூப்பிட்டு போட்டோவ திரும்ப திறந்தேன். அவளுக்கு சாம்பல். எனக்கு நீலம். மெஷின் ஒண்ணும் கிழிக்கல.

அப்பதான் ஒரு வேலை பண்ணோம், இது டப்பா வாங்காமலே யார் வேணா பண்ணலாம். ஒரு கருப்பு சார்ட் பேப்பர்ல பொத்தான் அளவுக்கு ஓட்டை போட்டு ஸ்வெட்டரோட கை பக்கம் மட்டும் தெரியற மாதிரி ஸ்கிரீன் மேல வச்சேன். ஜன்னல் தெரியாது, நாற்காலி தெரியாது, வெறும் ஒரு பொட்டு கலர். "என்ன கலர்?"னு கேட்டா அக்கா கொஞ்சம் யோசிச்சு "நீலம் கலந்த சாம்பல்"ங்கறா, எனக்கும் அதேதான் தெரியுது. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். பேப்பர எடுத்தா மறுபடி அவ கட்சி அவளுக்கு என் கட்சி எனக்கு.

நடக்கறது இதுதான். கண்ணுக்கு வர்ற வெளிச்சத்துல ரெண்டு விஷயம் கலந்திருக்கும், துணியோட கலர் ஒண்ணு, அது மேல விழுந்த லைட்டோட கலர் ஒண்ணு. மூளைக்கு வேண்டியது துணியோட கலர் மட்டும், அதனால லைட்ட அதுவே ஒரு குத்துமதிப்பா போட்டு கழிச்சுடும், இந்தக் கழித்தல் நமக்கு தெரியவே தெரியாது. வெள்ளை சட்டை வெயில்லயும் குண்டு பல்பு கீழயும் வெள்ளையாவே தெரியறது இதனாலதான். நல்ல போட்டோல லைட் எங்கேருந்து வருதுன்னு குறிப்பு நிறைய இருக்கும், எல்லாரும் ஒரே மாதிரி கழிப்போம், சண்டை வராது. இந்த மாதிரி பாதி ஜன்னல் பாதி நிழல் போட்டோல குறிப்பு பத்தாது, ஆளாளுக்கு ஒரு யூகம். அக்கா மூளை "இது ஜன்னல் ஓர நிழல், லைட்டே நீலமா இருக்கும்"னு நீலத்த கழிச்சுட்டு சாம்பல குடுக்குது, என் மூளை "ரூம்ல சாதா லைட்டுதான்"னு நினைச்சு எதையும் கழிக்காம நீலத்த துணி மேலயே ஏத்திடுது.

2015ல ஒரு டிரெஸ் போட்டோவ வச்சு, அது நீலம் கருப்பா வெள்ளை தங்கமான்னு உலகமே ரெண்டா பிரிஞ்சு அடிச்சுக்கிட்டது ஞாபகம் இருக்கும். நிஜத்துல அது நீலம் கருப்பு. அந்த வருஷமே 1401 பேர்கிட்ட கேட்டு ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, 57 சதவீதம் பேர் நீலம் கருப்புன்னாங்க, 30 சதவீதம் வெள்ளை தங்கம், 11 சதவீதம் நீலம் பழுப்பு. 2017ல 13,000 பேருக்கு மேல வச்சு இன்னொண்ணு, அதுல சீக்கிரம் எழுந்திரிக்கறவங்க வெள்ளை தங்கம்னு சொல்றது ராத்திரி கோட்டான்கள விட கொஞ்சம் அதிகம்னு வந்துச்சு, பகல் வெளிச்சத்துலயே பழகின மூளை நீலமான லைட்ட கழிக்கப் பழகியிருக்கும்ங்கறது அவங்க விளக்கம். எங்க அக்கா விடிய முன்னாடி எழுந்து வாக்கிங் போற ஜாதி, நான் ரெண்டு மணிக்கு படுக்கற ஜாதி. வெறும் ரெண்டு பேர வச்சு முடிவு கட்டக் கூடாதுதான், ஆனாலும் அவகிட்ட சொல்லி சிரிச்சோம்.

கண்ணே ஆளுக்கு ஆள் வேறங்கறது தனிக் கதை. வயசாக ஆக லென்ஸ் மஞ்சளாகும், ஐரோப்பிய வம்சாவளி ஆண்கள்ல சுமார் 8 சதவீதம் பேருக்கு சிவப்பு பச்சை குழப்பம் உண்டு. அணுக் கொள்கை ஜான் டால்டன் கூட அப்படித்தான், 1794ல தன் கண்ணப் பத்தி தானே பேப்பர் படிச்சாரு, கண்ணுக்குள்ள இருக்கற திரவம் நீலமா இருக்கும்னு நம்பி செத்த பிறகு திறந்து பாக்க சொல்லிட்டு போனாரு. 1844ல பாத்தா தெளிவா இருந்துச்சு. காரணம் 1995ல மிச்சம் வச்சிருந்த கண்ணோட டிஎன்ஏல கிடைச்சது, பச்சை பக்க ஒளிய புடிக்கற நிறமி அவருக்கு இல்ல.

இதுல எனக்கு ரொம்ப புடிச்சது என்னன்னா, இந்த டப்பாவும் ஒண்ணும் நடுநிலை நீதிபதி இல்ல. அது அளக்கறது "சராசரி கண்"ணுக்கு எப்படி தெரியும்ங்கற 1931 கணக்குல, அந்தக் கணக்கு ரைட், கில்டுனு ரெண்டு பேர் இங்கிலாந்துல எடுத்த அளவுல நிக்குது, ஒருத்தர் 10 பேர் கண்ண வச்சு எடுத்தாரு, இன்னொருத்தர் 7 பேர். மொத்தம் 17. இப்ப நீங்க பாக்கற மானிட்டர், பிரிண்டர் கலர் எல்லாம் பெரும்பாலும் அந்த 17 பேர் வழியாதான் வந்துட்டு இருக்கு. நம்ம கண்ணு அந்த சராசரில இல்லைன்னா, கரெக்டா காலிபிரேட் பண்ண ரெண்டு வேற டைப் ஸ்கிரீன் கூட லேசா வேற மாதிரி தெரியலாம், என் எல்சிடியும் அக்காவோட ஓஎல்இடி லேப்டாப்பும் டப்பா கணக்குல ஒண்ணு, எனக்கு வெள்ளை மட்டும் இன்னும் ஒட்டல.

குறை சொல்லணும்னா சாஃப்ட்வேர் மோசம். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ப்ரொஃபைல் காணாம போகுது, திரும்ப நாமதான் போய் செலக்ட் பண்ணணும், ஒரு தடவை கவனிக்காம ஒரு ஆல்பமே பழைய நீலத்துல கலர் பண்ணி அனுப்பி வாங்கிக் கட்டிக்கிட்டேன். நான் வாங்குனதுல போனுக்கு வழியே இல்ல. கஸ்டமர் கேர்ல கேட்டா மேனுவல்ல உள்ளதயே திரும்ப படிச்சு காட்டினாங்க.

போட்டோ எடிட் பண்றீங்க, பிரிண்டுக்கு குடுக்கறீங்கன்னா கண்ண மூடிட்டு வாங்குங்க, பிரிண்டும் ஸ்கிரீனும் இவ்ளோ கிட்ட வரும்னு நான் எதிர்பாக்கல. படம் பாக்க மட்டும்னா வேண்டாம், மானிட்டர்லயே இருக்கற வார்ம் செட்டிங் போதும். வீட்டு சண்டைக்குன்னா கருப்பு பேப்பரும் கத்திரிக்கோலும் போதும். நாலு ஸ்டார், ஒண்ணு அந்த சாஃப்ட்வேருக்காக வெட்டினது.

ஆங், ஸ்வெட்டர். போன வாரம் வந்துச்சு, அக்கா சொன்ன மாதிரி சாம்பல்தான், நீலத்தோட வாடையே இல்ல. அவ நேரா கொண்டு வந்து என் மானிட்டர் மேலயே தொங்க விட்டுட்டு அந்த போட்டோவயும் திறந்து வச்சு "இப்ப சொல்லுடா"ன்னா. சாம்பல்னு தெரிஞ்ச பொருள் கண்ணு முன்னாடி தொங்குது, கைல தொட்டும் பாக்கறேன், கீழ போட்டோல அதே ஸ்வெட்டர் இன்னும் நீலமாவே இருக்கு.