எட்டாம் எண் கயிறு என்று ஒன்பது கிராம் விற்றவர்

கடலில் ஃப்ளை தூண்டில் (உயிர் இரைக்குப் பதில் இறகு கட்டிய முள்ளை வீசுவது) போடும் ஆசையில் யாருக்காவது பணம் அனுப்பப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இரண்டு மாதம் நான் என் தோள்பட்டையைத்தான் நொந்துகொண்டிருந்தேன்.

கும்பகோணத்துக்காரன் நான். உயிர் இறாலை முள்ளில் குத்திக் கொடுவாய் பிடித்துப் பழகியவன். சீஷெல்ஸ், மாலத்தீவு வீடியோக்களைப் பார்த்துக் கிறுக்குப் பிடித்தது. முழங்கால் ஆழத் தண்ணீரில் நடந்து, மீனைக் கண்ணால் பார்த்து, அதன் மூக்குக்கு முன்னால் இறகு கட்டிய முள்ளை இறக்குகிறார்கள்; அந்த முள்தான் ஃப்ளை. தேடியபோது நகரத்து விற்பனையாளர் ஒருவர் கிடைத்தார். 8-ஆம் எண் கோல், ரீல், கயிறு, இரண்டு டஜன் ஃப்ளை எல்லாம் சேர்த்து "கடல் செட்" 38,500 ரூபாய். முத்துப்பேட்டையில் வழிகாட்டியோடு ஒரு நாள் படகுக்குத் தனியாக 6,000. கையில் போன்ஃபிஷ் என்ற கடல் மீனை ஏந்திய ஒரு படத்தையும் அனுப்பினார். படத்தின் பின்னணியில் பளீரென்று வெள்ளை மணல். காவிரியின் கிளைகள் வண்டல் கொட்டுகிற இடத்தில் வெள்ளை மணல் ஏது என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

கார்த்திகையில் அழைத்துப் போனார்கள். மழைத் தண்ணீர் ஆறுகளில் இறங்கி, காயல் முழுக்கத் தேநீர் நிறம். வழிகாட்டி என்று வந்த பையன் நிழலில் உட்கார்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தான். படகுக்காரப் பெரியவர்தான் மெல்லச் சொன்னார்: "தம்பி, இந்தத் தண்ணீரில் சாண் ஆழம்கூடத் தெரியாது. பங்குனியில் வந்திருக்கலாமே." கொஞ்ச நேரத்தில் வனக் காவலர் வந்து அனுமதிச் சீட்டைக் கேட்டார். வாங்கியாகிவிட்டது என்று என்னிடம் சொல்லியிருந்த சீட்டு யாரிடமும் இல்லை. திரும்பிவிட்டோம்.

அதையும்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது கயிறு. எப்படி வீசினாலும் இருபது அடியில் சுருண்டு விழுந்தது; கடற்காற்று அடித்தால் என் தொப்பி மேலேயே விழுந்தது. விற்பனையாளரிடம் கேட்டால், "உங்களுக்கு வீசத் தெரியவில்லை சார், பழகுங்கள்" என்பார். அறுவடை முடிந்த வயலில் தினமும் காலையில் பழகினேன். ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர், "யாரை அடிக்கிறாய் தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மற்றத் தூண்டில்களில் ஈயக் குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளைக்குக் கனமே கிடையாது. கயிற்றின் எடைதான் கோலை வளைத்து முள்ளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதனால்தான் கயிற்றுக்கு எண். முனையிலிருந்து முதல் 30 அடியின் எடையைப் பொறுத்தது அது. 8-ஆம் எண் என்றால் சுமார் 13.6 கிராம், அரை கிராம் முன்பின் இருக்கலாம். 5-ஆம் எண் 9 கிராம் சொச்சம். இதைத் தெரிந்துகொண்ட அன்றே திண்ணையில் டேப் வைத்து 30 அடி அளந்து, அந்த இடத்தில் நூல் கட்டி, பத்தர் கடைக்குப் போனேன். சுருட்டிய மஞ்சள் கயிற்றைத் தராசுத் தட்டில் வைத்தார். 9.1 கிராம். "இதற்குச் சேதாரம் எவ்வளவு போடட்டும்?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குளிர்நாட்டு ஓடைகளில் டிரவுட் மீன் பிடிக்கிற 5-ஆம் எண் கயிறு அது. 8 என்று அச்சிட்ட பெட்டிக்குள் போட்டு விற்றிருக்கிறார். நம் வெயிலில் அதன் மேல்பூச்சு இளகிக் கோலின் வளையங்களில் ஒட்டிக்கொண்டதற்கும் காரணம் அதுவே. பிறகு மற்றதையும் ஆராய்ந்தேன். முள்கள் மெல்லிய கம்பி; கோடியக்கரைப் பக்கம் சிக்கிய ஒரே கொடுவாய் அதை நேராக்கிவிட்டுப் போயிற்று. மிச்சம் பெட்டியிலேயே துருப்பிடித்தன. நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வைத்தும், "உப்புத் தண்ணீருக்கென்றே செய்தது" என்ற ரீல் மூன்றாம் முறையே இறுகிவிட்டது.

ஆகவே, கயிறு வாங்கினால் பிரிப்பதற்கு முன் பெட்டியைப் படம் எடுத்து வையுங்கள். எடை போட்டுப் பார்க்கிற வரை அதை வெட்டவோ அதில் முடிச்சுப் போடவோ வேண்டாம். ஜி.எஸ்.டி. எண் உள்ள ரசீது கேளுங்கள். எனக்குக் கிடைத்தது வெள்ளைத் துண்டுச் சீட்டு, அதன் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது". அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்தேன். கடைக்காரர் எந்த ஊரில் இருந்தாலும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் மனுக் கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது.

தஞ்சாவூரில் கொடுத்துவிட்டேன். பத்தர் எழுதிக் கொடுத்த எடைச் சீட்டை மனுவோடு இணைத்திருக்கிறேன். கேட்டால் கயிற்றையும் கொடுக்கத் தயார். கோலிலிருந்து அந்த ரீலைத்தான் கழற்ற முடியவில்லை.