ஆறு வருடம் கழித்துத் திறந்த கல்யாணப் பெட்டி: எது நின்றது, எது வெளுத்தது

தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. "அக்கா, உன் பத்திரிகை ஒண்ணு இருந்தா குடு, மாடல் பாக்கணும்" என்று போன வாரம் வந்து நின்றான். பரணில் கிடந்த அட்டைப்பெட்டியை இறக்கினோம். கல்யாணம் முடிந்து ஆறு வருடம் ஆகிறது, அதற்குப் பிறகு அதை நான் திறக்கவே இல்லை. அழைப்பிதழ், உறை, மேசைப் பெயர் அட்டை, நன்றி அட்டை, ரிப்பன், துணித் துண்டுகள் எல்லாவற்றையும் தரையில் பரப்பினோம். எந்தெந்தப் பொருளுக்காக யார் யாரோடு முகம் தூக்கிக்கொண்டு திரிந்தேன் என்பதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

வாங்கிய வாரத்தில் எழுதியிருந்தால் எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பேன். இப்போது பார்த்தால் கணக்கு வேறு. ஃபோன் திரையில் பார்த்து முடிவெடுத்தவை பெரும்பாலும் சொதப்பியிருக்கின்றன. அச்சிட்ட மாதிரியைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து எடுத்தவை நின்றிருக்கின்றன.

முதலில் அழைப்பிதழ். நாங்கள் எடுத்தது 150 மில்லிமீட்டர் சதுர அட்டை, அடர் நீலம், மேலே மேட் லேமினேஷன் (பளபளக்காத மெல்லிய பிளாஸ்டிக் படலம்), தங்க ஃபாயில் (மெல்லிய பளபளத் தகடு) எழுத்து. திரையில் நகைக்கடைப் பெட்டி மாதிரி இருந்தது. கையில் வந்தபோதும் கனமாக, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அடர் நிற மேட் பரப்பு விரல் ரேகையையும் நகக்கீறலையும் ஒன்றுவிடாமல் காட்டிக்கொடுக்கும். இருபது பேருக்குக் கொடுத்துவிட்டு வருவதற்குள் பையிலிருந்த மிச்சக் கார்டுகள் பழசாகத் தெரிந்தன. மடிப்பு இன்னும் மோசம். மை அடர்த்தியாக ஏறிய தடித்த அட்டையை மடித்தால் மடிப்போரம் விரிந்து உள்ளேயிருக்கும் வெள்ளை தெரியும். முன்கூட்டியே மடிப்புக்கோடு அழுத்தி, தாளின் நார் ஓடும் திசையிலேயே மடித்தால் ஓரளவு தப்பிக்கலாம். எங்களுக்கு அது தெரியாது, அச்சகத்திலும் யாரும் சொல்லவில்லை. இப்போது பெட்டியில் இருக்கும் நான்கு கார்டிலும் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது.

ஃபாயிலைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும். சூடான அச்சால் அழுத்தி ஒட்டிய தங்கம் அன்று மாதிரியே இன்றும் பளபளக்கிறது. நான்கு வண்ண அச்சில் தங்கம் வரவே வராது, பழுப்பு மஞ்சள்தான் வரும். தங்க மை என்று ஒன்று உண்டு, அதில் இருப்பது பித்தளைத் தூள், காலப்போக்கில் கறுக்கும். நன்றி அட்டையில் அந்த மையைத்தான் போட்டோம். இன்று அது தேநீர்க் கறை நிறத்தில் இருக்கிறது. பளபளப்பு வேண்டும் என்றால் ஃபாயில்தான், அதையும் பெயர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் பெயர்களுக்கு மட்டும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. நாங்கள் முழு வாசகத்தையும் ஃபாயிலில் அடித்தோம், அதுவும் ஒன்பது பாயின்ட் எழுத்தளவில். தமிழ் எழுத்துக்கு உயிரே சுழியும் புள்ளியும்தான். ஃபாயிலில் அந்த அளவுக்கு இறங்கினால் 'ண', 'ஞ' இவற்றின் சுழி அடைத்துக்கொள்கிறது, மெய்யெழுத்தின் புள்ளி சில இடங்களில் ஒட்டாமலே போய்விடுகிறது. திரையில் நான்கு மடங்கு பெரிதாக்கிப் பார்த்துவிட்டு 'சூப்பர்' என்று அனுப்பினேன். அசல் அளவில் ஒரே ஒரு தாள் அச்செடுத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். போதாததற்கு நீலத்தில் தங்கம். விளக்கு வெளிச்சம் பட்டால் எழுத்துக்குப் பதில் ஒளிதான் தெரியும். பெரியப்பா கார்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "அம்மாடி, தேதி என்னன்னு நீயே வாயால சொல்லிடு" என்றார்.

அன்று இரவே இரண்டாவது கார்டு ஒன்று அடிக்க முடிவானது. பதற்றத்தில் செய்தது. லேமினேஷன் இல்லாத 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) வெளிர்மஞ்சள் தாள், ஏ5 அளவு, பதினான்கு பாயின்ட்டில் கறுப்பு எழுத்து, ஓரத்தில் மெல்லிய நீலக் கோடு. முதல் கார்டுக்கு ஆனதில் கால்வாசிகூடச் செலவாகவில்லை. இன்று பெட்டியில் புத்தம்புதிதாக இருப்பது அதுதான். கூடவே ஒரு தகவல்: கறுப்பு எழுத்தை வெறும் கறுப்பு மையில் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். நான்கு மையையும் கலந்த கறுப்பில் சின்ன எழுத்து வந்தால், ஒவ்வொரு மைக்கும் தனியாக இருக்கும் அச்சுத் தட்டுகள் மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தோரம் நிழலடிக்கும்.

எழுத்துரு விஷயத்தில் எல்லாருக்கும் ஒரு எச்சரிக்கை. நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்புவீர்கள், அச்சகக் கணினியில் பழைய குறியீட்டு எழுத்துரு இருக்கும். ஒட்டினால் கட்டம் கட்டமாக வரும், அவர்கள் உட்கார்ந்து மறுபடி அடிப்பார்கள், புதுப் பிழைகள் முளைக்கும். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்ட்-ரெடி கம்போஸர் என்ற அமைப்பு போடாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். எங்கள் முதல் புரூஃபில், அதாவது பிழை பார்க்கத் தரும் மாதிரி அச்சில், 'கொ' இருந்த இடத்திலெல்லாம் கொம்பு தனியாக அலைந்தது. அதை நான் பிடித்தேன். கிழமை தப்பாக இருந்ததை நான் பிடிக்கவில்லை, அப்பாதான் காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு பிடித்தார். புரூஃப் பார்க்க அந்தக் கார்டை ஏற்கெனவே பத்துத் தடவை படித்தவர் உதவமாட்டார். முதல் தடவை பார்ப்பவரிடம் கொடுத்து, கடைசி வரியிலிருந்து மேலே படிக்கச் சொல்லுங்கள்.

வண்ணத்துக்கு வருவோம். எங்கள் சண்டையில் பாதி இங்கேதான். அடர் நீலம், தங்கம், கூடவே ஒரு 'பீச்' நிறம் என்று மூன்று முடிவு செய்திருந்தோம். முக்கால்வாசி இடம் ஒரு நிறத்துக்கு, மிச்சம் இன்னொன்றுக்கு, மூன்றாவது பொட்டு வைத்தாற்போல என்பது சரியான யோசனைதான். அதில் குறையில்லை. ஆனால் பீச் என்றால் எந்த பீச்? என் ஃபோனில் ஒன்று, அவர் ஃபோனில் ஒன்று, அலங்காரக்காரர் மடிக்கணினியில் மூன்றாவது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, தாள் மையால் காட்டுகிறது. திரையில் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு, பச்சை, மின்னல் நீலம் இவற்றில் பல அச்சில் வரவே முடியாதவை. வந்தாலும் மங்கித்தான் வரும்.

இதற்கு அச்சுத் தொழிலில் இருக்கும் வழி பான்டோன் எண். எண்ணைச் சொன்னால் எல்லாரும் ஒரே நிறத்தைப் புரிந்துகொள்வார்கள். எண்ணின் பின்னால் வரும் 'சி', 'யு' எழுத்துகளையும் கவனியுங்கள். சி என்றால் பூச்சுள்ள தாள், யு என்றால் பூச்சில்லாத தாள். அதே எண் பூச்சில்லாத தாளில் மை உறிஞ்சப்பட்டு வெளிறித் தெரியும். எங்கள் நீலம் பத்திரிகையில் ஒரு மாதிரியும் மேசை அட்டையில் சாம்பல் கலந்தாற்போலவும் வந்ததற்கு இதுதான் காரணம். அப்போது அச்சகத்தைத் திட்டினேன். தப்பு என் பக்கம்.

துணி இன்னும் தந்திரமானது. கடை விளக்கில் கார்டோடு அச்சு அசலாகப் பொருந்திய நீலத் துணி வெயிலில் ஊதாவாகத் தெரிந்தது. சாயம் வேறு, மை வேறு. ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிவது இன்னொன்றில் பிரிந்துவிடும். அச்சகங்கள் நிறம் பார்க்க 5000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு, குறைந்தால் மஞ்சளாகும்) வெள்ளை வெளிச்சம் வைத்திருப்பார்கள். ஆனால் உங்கள் விழா அந்த வெளிச்சத்தில் நடக்கப் போவதில்லை. மஞ்சள் குமிழ் விளக்கு 2700 கெல்வின் பக்கம் இருக்கும். நீலம் அங்கே கறுப்பாகும், பீச் பழுத்துவிடும். எங்கள் புகைப்படங்களில் மாலை நேரப் படங்கள் எல்லாவற்றிலும் அந்த அருமை நீலம் வெறும் கறுப்பு. வண்ணப் பலகை போட்டு மூன்று வாரம் ஆராய்ந்ததன் விளைவு அது. துணித் துண்டு, தாள் துண்டு, ரிப்பன் மூன்றையும் ஒரே நூலில் கோத்து, விழா நடக்கும் அறைக்கே, நடக்கும் நேரத்திலேயே எடுத்துப்போய்ப் பாருங்கள். அரை மணி நேர வேலை.

அடுத்தது க்யூஆர் குறியீடு. இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. வருகையை உறுதி செய்யவும் வழி காட்டவும் கார்டின் பின்பக்கம் போட்டோம். முதலில் அதையும் தங்க ஃபாயிலில் அடிக்க ஆசைப்பட்டேன். பளபளப்பில் கேமராவால் படிக்க முடியவில்லை. வெள்ளைக் கட்டத்துக்குள் கறுப்பாக மாற்றினோம், வேலை செய்தது. உறுதி சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேர் அதன் வழியாகத்தான் சொன்னார்கள், அந்த வகையில் முழு மதிப்பெண். ஆனால் அது இலவசமாகக் கிடைத்த, நடுவில் இன்னொரு முகவரிக்குத் தாவும் வகைக் குறியீடு. போன வாரம் தம்பி விளையாட்டாக ஸ்கேன் செய்தான். காலணி விற்கும் பக்கம் ஒன்று திறந்தது. என் கல்யாணப் பத்திரிகை ஆயுளுக்கும் செருப்பு விற்கப் போகிறது. நேரடியாக உங்கள் பக்க முகவரியையே குறியீடாக்குங்கள், அது காலாவதியாவதில்லை. அந்தப் பக்கத்தை உயிரோடு வைத்திருப்பது உங்கள் பொறுப்பு.

எண்ணிக்கையில் நாங்கள் செய்த தவறு இரண்டு பக்கமும் இடித்தது. கார்டைத் தலைக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு மிஞ்சியது. குடும்பத்துக்கு ஒன்று என்பதுதான் கணக்கு. உறையை மட்டும் எழுத்துப் பிழைக்காகக் கூடுதலாக வாங்க வேண்டும். அடர் நீல உறையில் கறுப்புப் பேனா தெரியாது. வெள்ளை ஜெல் பேனா காய்வதற்குள் கை பட்டு இழுத்துக்கொள்ளும். முப்பது உறை அப்படியே போனது. பிறகு முகவரியை வெள்ளைச் சீட்டில் அச்சிட்டு ஒட்டினோம். சதுர உறையைச் சில நாடுகளின் அஞ்சலில் இயந்திரம் பிரிக்காது, கூடுதல் தபால்தலை கேட்பார்கள். வெளிநாட்டுச் சிநேகிதி ஒருத்திக்குத் தபால்தலை போதாமல் கார்டு திரும்பியே வந்துவிட்டது. ஏ5 கார்டுக்கு சி5 உறை, ஏ6 கார்டுக்கு சி6 உறை என்று போனால் எந்தக் கடையிலும் கிடைக்கும், குறைந்தால் இன்னொரு கட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆஃப்செட்டில், அதாவது தட்டு வைத்து அடிக்கும் அச்சில், மறுபடி முப்பது கார்டு அடிப்பதற்கு முன்னூறு அடிக்கிற செலவு கிட்டத்தட்ட வந்துவிடும் என்பதையும் மனதில் வையுங்கள். தட்டு போடுவதிலும் மெஷினைத் தயார் செய்வதிலும்தான் காசு போகிறது.

மற்றவை சுருக்கமாக. மெழுகு முத்திரை பாதி உடைந்துதான் போய்ச் சேர்ந்தது, வேண்டாம். டிரேசிங் தாள் மேலுறை ஈரக்காற்றில் சுருண்டுகொண்டது, அதுவும் வேண்டாம். மேசைப் பெயர் அட்டை அருமை, விருந்தினர்கள் கையோடு எடுத்துப் போனார்கள், சிலர் வீட்டு அலமாரியில் இன்னும் பார்க்கிறேன். அவற்றை ஒருத்தர் உட்கார்ந்து கையால் எழுதியதுதான் காரணமாக இருக்கும்.

பாதுகாக்கிறேன் என்று நான் செய்த ஒரு காரியம் மட்டும் தனியாகச் சொல்லும்படி இருக்கிறது. லேசர் அச்சில் எடுத்த நிகழ்ச்சி நிரலை மெல்லிய பிவிசி உறையில் போட்டு வைத்திருந்தேன். பிளாஸ்டிக்கை நெகிழவைக்கும் வேதிப்பொருள் டோனரை (லேசர் அச்சின் மைத்தூளை) இளக்கி, எழுத்தெல்லாம் உறையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. தாள் வெறுமையாக இருக்கிறது, உறையில் தலைகீழாக வாசகம். சும்மா அமிலமில்லாத காகித உறையில் போட்டிருந்தால் போதும்.

தம்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பதற்றத்தில் அடித்த ஏ5 கார்டை மட்டும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டான். பெட்டியின் அடியில் நீலச் சதுர உறைகள் இன்னும் 62 இருந்தன, வழக்கமான அளவுக் கார்டு எதுவும் சரியாக உட்காராத அளவில். அவற்றைக் கையில் வைத்துப் புரட்டியவன், "இதுக்கு ஏத்த மாதிரி ஒரு கார்டு அடிச்சிட்டா என்னக்கா?" என்றான்.

வெட்கத்தோடு சொல்கிறேன், இரண்டு நிமிடம் நானும் யோசித்தேன்.